முள்ளம்பன்றியின் டி.பி.யில் விழுந்த நிழல்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் முகம் இருந்தது. கைப்பேசி வந்த பிறகு அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை.

முயல் தன் டி.பி.யில் புலியின் படத்தை வைத்திருந்தது. புலி, மனைவியோடு சண்டை போட்ட நாளிலிருந்து மழையில் நனையும் ஒற்றை ரோஜாவை வைத்திருந்தது. முதலை ஒரு மான்குட்டியின் படத்தை வைத்து, கீழே 'என் உயிர்' என்று எழுதியிருந்தது. மான்கள் அதனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டன. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கழுதைப்புலிதான் முதலில் விளக்குப் படம் வைக்கும். பிறகு சாப்பிடப் போகும்.

ஒவ்வொரு படத்துக்கும் உள்ளர்த்தம் உண்டு என்று காடு நம்பியது. யாராவது படத்தை மாற்றினால் போதும், 'இது யாரைக் குத்திக் காட்டுகிறது?' என்று மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தக் காட்டில் வேலாண்டி என்ற முள்ளம்பன்றி இருந்தார். மனைவி காத்தாயி இறந்த பிறகு தனியாக இருந்தார். அவருடைய டி.பி. ஒரு கிழங்குக் குழி. ஒருநாள் அவர் தோண்டிய பெரிய கிழங்கைக் காத்தாயி படம் எடுக்கப் போய், வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால் தன் நிழலையும் சேர்த்து எடுத்துவிட்டாள். சந்தோஷத்தில் அவள் முட்கள் சிலிர்த்து நின்றது நிழலில் தெரிந்தது.

பழைய போன் மழைக்குழியில் விழுந்து செத்தபோது படங்கள் எல்லாம் போயின. டி.பி.யாக இருந்த இந்த ஒன்று மட்டும் புது போனுக்கு வந்தது. இதை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தால், இது திரும்பி வராது. தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வழி உண்டாம். அது அவருக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம்.

கோடை வந்தது. காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று குரூப்பில்தான் அறிவிப்பு வரும். குரூப்பில் இல்லாதவர்களுக்கு முறை கிடையாது. குரூப்புக்கு நரி அட்மின்.

அந்தக் கோடையில்தான் சிங்கராஜாவின் பிறந்தநாளும் வந்தது. நரி ஒரு காமன் டி.பி. வெளியிட்டது. அதில் ராஜா பூமி உருண்டையின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். மூலையில் நரியும் சின்னதாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே வைக்க வேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் வைத்தார்கள்.

நரி வேலாண்டியின் வளைக்கு வந்தது.

"அண்ணே, காடே மாத்தியாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி."

"ராஜாவ மனசுல வெச்சிருக்கேன்பா."

"மனசுல வெச்சா எனக்கு எப்படித் தெரியும்? போன்ல வைங்க."

"இத எடுத்துட்டா திரும்பக் கிடைக்காது."

"காட்டுல குழிக்கா பஞ்சம்? நான் நூறு குழி காட்டுறேன், வாங்க."

வேலாண்டி போகவில்லை, படத்தையும் மாற்றவில்லை. சாயங்காலமே குரூப்பிலிருந்து நீக்கப்பட்டார். மறுநாள் குட்டைக்குப் போனால் காட்டெருமை வழியை மறித்து, "உங்க பேரு இல்லையே சாமி" என்றது. அதற்கடுத்த நாள் அவருக்கு எச்சில் ஊறுவது நின்றுபோனது. கால்கள் பின்னிக்கொண்டன. வேறு வழியில்லாமல் ராஜாவிடமே முறையிடப் போனார்.

சிங்கம் போனை வாங்கிப் பார்த்தது. "என்ன இது?"

"கிழங்குக் குழி, மகாராஜா. ஓரமா விழுந்திருக்கிறது என் வீட்டுக்காரி நிழல். அவ செத்துட்டா. வேற படம் இல்ல."

அவையில் சிலர் சிரித்தார்கள். சிங்கம் சிரிக்கவில்லை.

"அது மேல் அர்த்தம். உள்ளர்த்தத்தைச் சொல்."

"அவ்வளவுதான் மகாராஜா."

"அவ்வளவுதானா? அதுக்காக எவனாவது டி.பி. வைப்பானா?"

கரடி எழுந்தது. போன மாதம் வேலாண்டியின் கிழங்குக் கொல்லையைத் தோண்டித் தின்றது அதுதான்.

"குழி எனக்குத்தான்னு மொதல்ல நெனச்சேன் மகாராஜா. சோறே எறங்கல. இப்பத்தான் வெளங்குது. உங்க பிறந்தநாள் அதுவுமா ஒருத்தர் குழிய மாத்த மாட்டேங்கிறார்னா, குழி யாருக்கு?"

சிங்கத்தின் நகங்கள் மெதுவாக வெளியே வந்தன.

வேலாண்டி போனைப் பார்த்தார். சிலிர்த்த முட்களின் நிழல். தூரத்திலிருந்து பார்த்தால் அது பிடரி மயிர் போலவும் இருந்தது.

"மன்னிக்கணும் மகாராஜா," என்றார். "சபையில சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அது உங்க நிழல்தான்."

"என் நிழலா?"

"அன்னிக்கு நீங்க எங்க கொல்லை ஓரமா நடந்து போனீங்க. காலடிகூடப் படல. நிழல் மட்டும் பட்டுச்சு. அதுக்கே கிழங்கு ரெண்டு மடங்கு வெளஞ்சுது. அதான் அந்தப் படத்த மாத்த மனசே வரல."

சிங்கம் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தது. பிறகு தள்ளி வைத்துப் பார்த்தது.

"பிடரி என்னுதுதான்," என்றது.

"நான் அப்பவே சொன்னேனே!" என்று கரடி அழுதது.

உடனே உத்தரவு பிறந்தது. இனி இதுதான் காமன் டி.பி. உருண்டையின் மேல் நின்ற ராஜா நீக்கப்பட்டார். வேலாண்டி குரூப்பில் சேர்க்கப்பட்டார். தண்ணீரில் முதல் முறையும் அவருக்கே.

வெளியே வரும்போது நரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, அந்தப் பிடரியில எடப்பக்கம் ஒரு முள்ளு கொறையுது, பாத்தீங்களா?"

வேலாண்டி நின்று அக்கம்பக்கம் பார்த்தார்.

"அது என் மூக்குல முறிஞ்சது. கோழி திருட வந்தவன்னு நெனச்சு அண்ணி குத்திட்டாங்க."

"கோழி திருடத்தானே வந்தே?"

"அது வேற விஷயம்."

"அப்ப ஏன் ராஜாகிட்ட சொல்லல?"

"அட்மின் மூக்க ஒரு பொம்பள கிழிச்சான்னு குரூப்பில ஓடணுமா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

நரி போய்ப் புதுப் படத்தின் மூலையில் தன் கும்பிடு படத்தை ஒட்டி வெளியிட்டது.

பிறந்தநாளன்று குட்டைக் கரையில் காடு கூடியது. பெரிய துணியில் அந்த நிழலை அச்சடித்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். யானை மாலை போட்டது. கழுதைப்புலி கற்பூரம் காட்டியது. முயலும் புலியும் முதலையும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லாப் போனிலும் அவள்தான். வேலாண்டி தண்ணீரில் வாய் வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தாயீ…" என்று அவரை அறியாமல் குரல் வந்துவிட்டது.

கூட்டம் திரும்பியது. சிங்கமும் திரும்பியது.

"காத்தாயியா? யாரு அது?" என்றது கரடி.

வேலாண்டி சிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ராஜாவுக்கு எங்க பக்கத்துல சொல்ற பட்டம்."

சிங்கம் ஒரு கணம் யோசித்தது. பட்டம் என்ற சொல்லைக் கேட்டபின் அதனால் அதிக நேரம் யோசிக்க முடியவில்லை. தலையசைத்தது.

முதல் கோஷம் நரியுடையது. மூக்கைத் தடவிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தியது. "காத்தாயி!"

"வாழ்க!" என்றது காடு.

"எங்கள் காத்தாயி!"

"வாழ்க! வாழ்க!"

சிங்கம் கையசைத்தது. வேலாண்டி குனிந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்.

நீதி: இறந்துபோன மனைவியை ஊரே வாழ்த்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ராஜாவைப் புகழ வேண்டும். அவளைப் பற்றிய உண்மையைச் சொன்னால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.