நாலு மணி அடுப்பு

ஆடு கொட்டகை வாசலைத் தாண்ட மறுத்தது. வீரபாண்டி முன்னால் நின்று கயிற்றை இழுத்தான்; நகரவில்லை. பின்னால் போய்த் தள்ளினான், உட்கார்ந்துகொண்டது. கடைசியில் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, பாதி தூக்கியும் பாதி கெஞ்சியும் உள்ளே கொண்டுபோய்க் கட்டினான்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கர்க்கடக மாதம், தமிழுக்கு ஆடி. கொச்சி மட்டாஞ்சேரியில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. நகரசபையில் ஓடை சுத்தம் செய்யும் வீரபாண்டிக்கு அன்று ஓய்வு நாள். அவன் மனைவி ஒச்சம்மாள், தங்கையின் வளைகாப்புக்குக் காலையிலேயே கலூருக்குப் போய்விட்டாள். ஆடு அவளுடைய ஆடு. அதற்குத் தழை போடுவதும் பேச்சுக் கொடுப்பதும் அவள்தான். விடியுமுன் வேலைக்குப் போய்ப் பொழுது சாய வருகிற வீரபாண்டிக்கு, ஆடு கறுப்பு என்பதற்கு மேல் அதிகம் தெரியாது.

போகும்போது அவள் சொல்லியிருந்தாள்: "அவுத்து விட்டிருக்கேன், எங்கேயாச்சும் மேஞ்சுக்கிட்டு நிக்கும். மழை வலுக்கிறதுக்குள்ளே கூட்டியாந்து கட்டுங்க. இன்னிக்கே குட்டி போட்டாலும் போட்டிரும். சூடு வேணும், கேட்டீங்களா? போன வருஷம் மாதிரி ஆயிரக் கூடாது."

போன வருஷம் இதே மழையில் இரண்டு குட்டிகள் பிறந்து, ஈரத்தில் விறைத்து, ஒரு பகல்கூட இருக்கவில்லை. ஒன்பது நாள் ஒச்சம்மாள் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். அதற்குத் திட்டியே இருக்கலாம் என்று பட்டது அவனுக்கு.

எனவேதான் தெரு முனையில், பூட்டிய கடையின் இறவாரத்தடியில் வயிறு பெருத்து நின்ற ஆட்டை அந்தப் பாடுபட்டு இழுத்து வந்தான்.

கட்டிய பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். இடிந்துபோன சரக்குக் கிட்டங்கி ஒன்றின் மூலை அது. ஓடு ஒழுகியது. தரை சில்லிட்டது. ஆடு நடுங்கிக்கொண்டு நின்றது.

குடையை எடுத்துக்கொண்டு ராஜப்பனின் சாயாக்கடைக்கு ஓடினான்.

"சேட்டா, அந்தச் சின்ன கரி அடுப்பு ஒண்ணு சும்மாதானே கிடக்குது? ஆட்டுக்குப் பேறுகாலம்."

"சும்மாவா?" ராஜப்பன் சாயாவை ஆற்றியபடியே முறைத்தான். "சாயங்காலம் அதிலேதான் எண்ணெய் காய வச்சு, நேந்திரம்பழத்தை மாவிலே முக்கிப் பழம்பொரி போடணும். நாலு மணிக்கு இங்கே இருக்கணும். நாலுன்னா நாலு."

"நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே கொண்டாந்திர்றேன்."

பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசிச் செய்த அடுப்பு அது. அதோடு ஒரு கூடை கரியும் கொடுத்தான் ராஜப்பன். கரி மழையில் நனைந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பற்ற வைத்ததும் சூடு வருவதற்கு முன்னால் புகை வந்தது. ஆடு இருமியது. வீரபாண்டியும் இருமினான். புகை போகட்டும் என்று உடைந்த ஜன்னலை அடைத்திருந்த தகரத்தை எடுத்தான். புகை போயிற்று, அந்த வழியாகவே மழை வந்தது. ஆட்டின் முதுகு நனைந்தது.

ஜன்னலுக்கு ஏதாவது தொங்கவிட வேண்டும். பக்கத்துக் கிட்டங்கியின் வராந்தாவில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. நாலைந்தை உருவி வந்து ஆணியில் மாட்டினான். மேல்பாதியைத் திறந்து வைத்தான். மழை உள்ளே வருவது நின்றது, புகையும் மெல்ல வெளியேறியது. தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி அவனுக்கே சிரிப்பு வந்தது. புகை இன்னும் நேராகப் போகட்டுமே என்று அடுப்பை ஜன்னலடிக்குத் தள்ளி வைத்தான்.

அவை மிளகாய்ச் சாக்குகள்.

ஒரு நுனி கருகியதுதான் தாமதம். முதல் தும்மல் ஆட்டினுடையது. அடுத்த நிமிஷம் வீரபாண்டி கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். புகை ஜன்னல் வழியாக, அவன் திட்டமிட்டபடியே, நேராகத் தெருவுக்குப் போயிற்று. எதிர்க் கிட்டங்கியில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த இருபது பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் இறங்கி ஓடினார்கள். கைவண்டிக்காரன் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தும்மினான்.

"தீ! தீ!" என்று யாரோ கத்தினார்கள்.

மிளகாய்க் கிட்டங்கியின் கணக்குப்பிள்ளை வெங்கிடாசலம், தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வீச்சாக வீசினார். கால் பங்கு சாக்கில் விழுந்தது. கால் பங்கு அடுப்பில். மீதி அத்தனையும் ஆட்டின்மேல்.

புகை அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"என்னய்யா பண்றீர் இங்கே? ஊரையே கொளுத்தப் பார்த்தீரா?"

"சாமி, ஆட்டுக்குப் பேறுகாலம். சூடு வேணும்னு வீட்ல சொல்லிட்டுப் போனா..." வீரபாண்டிக்குக் கண்ணீர் வழிந்தது. மிளகாயா, மனசா என்று அவனுக்கே தெரியவில்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. ஆடு சொட்டச் சொட்ட நனைந்து, கால்களை அகட்டி நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகியது.

வெங்கிடாசலம் காலி வாளியைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

"முதல்லயே சொல்லப்படாதா?" என்றார். போனவர் திரும்பி வந்தபோது வாளி நிறையக் காய்ந்த தேங்காய்ச் சிரட்டை இருந்தது. "இது புகையாது. சட்டுனு பிடிச்சுக்கும்."

வீரபாண்டி வீட்டுக்குள் ஓடி ஒச்சம்மாளின் கம்பளியைக் கொண்டுவந்து ஆட்டின்மேல் கழுத்தோடு போர்த்தினான். சிரட்டை தணலாயிற்று. கொட்டகைக்குள் இதமான சூடு மெதுவாகப் பரவியது. அதற்கப்புறம் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆடு படுத்துக்கொண்டது. மழைச் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் குந்தியிருந்தான்.

முதல் குட்டி சுலபமாக வந்தது. விழுந்த கையோடு கத்தியது. இரண்டாவது குட்டி வந்தபோது அசையவில்லை. வீரபாண்டி அதை வாரி எடுத்தான். வேட்டி நுனியால் அதன் மூக்கைத் துடைத்தான். வைக்கோலால் உடம்பைத் தேய்த்தான். அடுப்பை ஒட்டி மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு விடு தாயி, மூச்சு விடு" என்று தேய்த்துக்கொண்டே இருந்தான். ஓடையில் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் இவ்வளவு மெதுவாக எதையும் தொட்டதில்லை.

குட்டி ஒரு தும்மல் போட்டது. காது ஆடியது.

"வீரபாண்டீ!"

வாசலை அடைத்துக்கொண்டு ராஜப்பன் நின்றான். "மணி நாலேகால். எங்கேடா என் அடுப்பு?"

"சேட்டா, ஒரு அரைமணி நேரம். ரெண்டாவது குட்டிக்கு இப்பத்தான் மூச்சே வந்திருக்கு."

"வந்தாச்சுல்ல? மதி, அது போதும். அங்கே ஆளுங்க பழம்பொரி கேட்டு உக்காந்திருக்காங்க."

"இப்ப எடுத்தீங்கன்னா விறைச்சுப் போயிரும் சேட்டா."

"உன் ஆடு பெத்துக்கிறதுக்கு நான் கடையைப் பூட்டணுமா? வளர்க்கத் தெரியாதவன் எதுக்குடா ஆடு வளர்க்கிறே?" ராஜப்பன் உள்ளே வந்தான். கம்பளிக்கடியில் கிடந்ததை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுப்பில் தணல் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்த்தான். தோள் துண்டைப் பிடியில் சுற்றித் தூக்கினான். வீரபாண்டி ஒரு கையால் குட்டியை அணைத்தபடி மறு கையால் அடுப்பின் விளிம்பைப் பிடித்து, சுட்டதும் விட்டான்.

"சேட்டா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்..."

"காலைப் பிடிச்சா பழம்பொரி வேகாது."

அந்த நேரம் எதிர்க் கிட்டங்கியில் சுக்கு பொறுக்கும் கமலாக்ஷி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வீரபாண்டி சேட்டா, ஒச்சம்மா சேச்சி வந்தாச்சா? விசேஷம் சொல்ல வந்தேன். மிளகாய்ப் புகையிலே நாங்க வெளியே ஓடின நேரம் பார்த்து உங்க ஆடு எங்க கிட்டங்கிக்குள்ளே ஏறிடுச்சு. சுக்குச் சாக்கு மேலே மூணு குட்டி போட்டிருக்கு. அங்கே நல்ல சூடாக்கும். மூணும் பால் குடிக்குது."

வீரபாண்டி மடியிலிருந்த குட்டியைப் பார்த்தான். பிறகு கம்பளியைப் பார்த்தான்.

"அப்ப, இது?"

கமலாக்ஷி குனிந்து கம்பளியை விலக்கினாள். ஆட்டின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அடுப்போடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள்.

"ராஜப்பன் சேட்டா, அந்த அடுப்பைக் கீழே வைங்க. இது உங்க வீட்டு ஆடாக்கும்."