சர்வேயருக்கு முந்திக்கொண்ட மேஸ்திரி

விருத்தாசலத்தில் வெயிலுக்கு அடுத்தபடியாக மனிதர்களை வாட்டி எடுப்பவர் நாளக்கி மேஸ்திரிதான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கும். அதை விசாரிக்கிற பொறுமை எங்கள் தெருவில் யாருக்கும் மிஞ்சவில்லை. "நாளக்கி முடிச்சுடலாம்மா" என்பார். அந்த வீட்டுக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வந்தார். அந்த வீட்டுப் பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதும் சுவர் முழங்கால் உயரம்தான். ஏன் வரவில்லை என்று கேட்டால் சேத்தியாத்தோப்பில் ஒரு சாவு என்பார். அவர் சொன்ன சாவையெல்லாம் கூட்டினால் இந்நேரம் சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நிற்கக்கூட ஆள் இருக்கக் கூடாது. போகும்போது கரணையையோ சாந்துச் சட்டியையோ விட்டுவிட்டுப் போவார். "சாமான் இங்கதான இருக்குது, நான் எங்க போயிடப் போறேன்?" என்பார். ஊரில் பாதி வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவருடைய சாமான்தான் கிடக்கிறது.

இப்பேர்ப்பட்டவரை நானே போன் போட்டு அழைத்தேன். அதுவும் நன்றாக யோசித்து.

போன புயலில் வேப்பமரக் கிளை முறிந்து எங்கள் பின்னறைக் கூரையில் விழுந்தது. சிமெண்ட் ஷீட்டு நொறுங்கி வானம் தெரிந்தது. அது என் மாமனாரின் அறை. பீங்கான் கம்பெனியில் மண் அரைத்த காலத்திலிருந்தே அவருக்கு மூச்சிழுப்பு. ஹாலில் படுங்கள் என்றால் கேட்கவில்லை. "என் கட்டிலு இங்கதான் இருக்குது" என்று குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கடனோடு எடுத்த இன்ஷூரன்ஸ் ஒன்று இருந்தது. அந்தப் பணம் வந்தால்தான் கூரை. கடனுக்குப் போக மிஞ்சுகிற சம்பளத்தில் நாங்கள் அரிசி வாங்குவதே பெரிய காரியம். போனில் பேசிய பெண், "சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதீங்க மேடம்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர் கடலூரிலிருந்து வர நாலைந்து நாள் ஆகுமாம்.

அதற்காகத்தான் நாளக்கி மேஸ்திரி. இப்போதே சொல்லிவைத்தால், சர்வேயர் வந்து போய், பணமும் வந்தபிறகு ஆடி அசைந்து வந்து சேருவார் என்பது என் கணக்கு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு மறுநாள் ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கூரை முழுசாக இருந்தது. எல்லாம் புது ஷீட்டு. சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்திருந்தார்.

"கடையில கடன் சொல்லி வாங்கியாந்தேம்மா. எப்டி இருக்குது வேல?"

"ஒடஞ்ச ஷீட்டெல்லாம் எங்கங்க?"

"அதுவா, லாரிக்காரன் ஒருத்தன் பள்ளம் ரொப்பணும்னான். ஏத்தி வுட்டுட்டேன்."

"மரக்கிளை?"

"டீக்கடைக்கு வெறகு."

ஆத்திரத்தோடு போனை எடுத்துப் பார்த்தேன். மிஞ்சிய ஒரே சாட்சி நான் போனில் எடுத்த போட்டோ. அதில் மாமனார் குடையோடு முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். உடைந்த கூரை குடைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

சர்வேயர் வந்தார். போட்டோவைப் பார்த்தார். "சார் நல்லா இருக்காரு. டேமேஜ் எங்க மேடம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், விட்டுப்போன ஏணியை எடுக்க வந்திருந்த மேஸ்திரி குறுக்கே புகுந்தார். "டேமேஜா? நல்லாத் தேடுங்க சார். ஒரு ஓட்டை காட்டுங்க, நான் கரணையத் தொடுறதையே வுட்டுடறேன்." சொன்னதோடு விடாமல் ஏணியில் ஏறி ஒரு குடம் தண்ணீரையும் கூரைமேல் கொட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. சர்வேயர் அதையும் எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் க்ளெய்ம் தள்ளுபடி என்று மெசேஜ் வந்தது.

அதற்கப்புறம்தான் கூத்து. வேலைக்கு வரவே வராத மனிதர், காசுக்கு மட்டும் தினமும் பால் பாக்கெட்டுக்கு முன்னால் வந்து நின்றார். நானும் வேண்டுமென்றே "நாளைக்கு" என்பேன். "சரிம்மா" என்று நேராகப் போய் மாமனார் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுப்பது யார்? நான்தான்.

ஒருநாள் வெடித்துவிட்டேன். "உங்களாலதான் க்ளெய்மு போச்சு. நான் எதுக்குங்க காசு தரணும்? ஊரே கெஞ்சினாலும் வராதவரு, எங்க வூட்டுக்கு மட்டும் எதுக்கு மறுநாளே வந்து நின்னீங்க?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நீங்க போன்ல பேசுறப்ப, பின்னால அய்யா இழுத்துக்கிட்டு இருமுறது கேட்டுச்சு. நனையிறாரான்னு கேட்டேன், ஆமான்னீங்க. மானம் வேற மூட்டமா இருந்துச்சு. சொவருன்னா அது பாட்டுக்குக் காத்துக்கெடக்கும். மனுசன் எப்டிம்மா நனைஞ்சிக்கிட்டுக் கெடப்பாரு?"

எனக்குச் சுரீரென்றது. கடனுக்கும் க்ளெய்முக்கும் அத்தனை கணக்குப் போட்ட நான், அந்த நாலைந்து நாளும் மாமனார் எப்படிப் படுப்பார் என்று யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துவந்து கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு, ஷீட்டுக் கடைக்காரர் காத்திருக்கிறார் என்று கிளம்பினார். கூரை போட்ட நாளிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்த இரண்டு மாதமும் மாமனார் காய்ந்த மெத்தையில் படுத்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா, "அந்த மேஸ்திரி சரியான ஏமாத்துக்காரன்" என்று ஆரம்பித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, திட்டுகிறேன். இவர்கள் யார் திட்ட?