நட்டநடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்

ஒரு காட்டில் ஒரு வரிசை இருந்தது. அதன் தலையையும் யாரும் பார்த்ததில்லை, வாலையும் பார்த்ததில்லை. எண் போட்ட கற்களின் மேல், கல்லுக்கு ஒன்றாக விலங்குகள் நின்றன. பூஜ்யத்துக்குக் கிழக்கே ஒன்று, இரண்டு என்று கற்கள் போய்க்கொண்டே இருந்தன. மேற்கே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. எதற்காக நிற்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கப் போனால் இடம் போய்விடுமே!

பூஜ்யக் கல்லில் நின்றது நரி. கதையில் நரி என்றால் தந்திரசாலி என்று நினைப்பீர்கள். இதற்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அப்பா பூஜ்யத்தில் நின்றார், அதனால் இதுவும் நின்றது.

கோடையில் ஓடை வற்றியது. சிங்கராஜா பெரிய மனது பண்ணி ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் போட உத்தரவிட்டார். "வரிசையோட நட்டநடுவுல போடுங்க. பாரபட்சம்னு பேச்சு வரக்கூடாது." இடம் குறிக்கத் தேவாங்கு சர்வேயர் வந்து சேர்ந்தார்.

"நடுன்னா பூஜ்யம்தானே சார்? குழி தோண்டச் சொல்லுங்க," என்றது நரி.

பதினேழாம் கல்லில் நின்ற முள்ளம்பன்றி சொர்ணத்துக்கு வயிறு எரிந்தது. அவள் குட்டி நாக்கு வறண்டு துவண்டு கிடந்தது. பூஜ்யத்தில் குழாய் வந்தால், நரியின் சொந்தபந்தமெல்லாம் குடித்து, குளித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் பதினேழுக்கு ஈரமே வரும்.

"சார், இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். "எனக்குக் கிழக்கால ஒருத்தரைக் காட்டுங்க, அவருக்கு ஜோடியா மேற்கால ஒருத்தரை நான் காட்டுறேன். பதினெட்டுக்குப் பதினாறு, பத்தொன்பதுக்குப் பதினஞ்சு. எந்தப் பக்கமாவது ஆள் தீருமா?"

தேவாங்கு முழித்தார். அது அவருக்குப் பிறவியிலேயே வரும். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். ஜோடி தீரவில்லை. "அப்போ நீங்கதாம்மா நடு!"

"அப்போ நான்?" என்றது பக்கத்துக் கல் காட்டெருமை. அதற்கும் தீரவில்லை. அடுத்து நின்ற மிளா மானுக்கும் தீரவில்லை.

"பூஜ்யத்துல என்ன சார் இருக்கு? கல்லு நட்டவன் அங்க ஆரம்பிச்சான், அவ்வளவுதான்," என்று சொர்ணம் முடித்து வைத்தாள். நரியின் முகத்தில் ஈயாடவில்லை. சொர்ணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழாய் இனி இங்கேயும் வரலாமே!

தேவாங்கு அரசவைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். "ராஜா, எங்க போட்டாலும் அது நடுதான்."

இப்படியொரு கணக்கு இருப்பதே ராஜாவுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் அவருக்குக் கல்வியின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. "வரிசை என் குகை வாசல் வழியாத்தானே போகுது?" என்று கேட்டார்.

மறுநாள் குகை வாசலில் குழாய் முளைத்தது. தண்ணீர் எல்லோருக்கும் பொது. குடிக்கப் போகிறவர் ராஜாவுக்குச் சாப்பாடாகாமல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

சொர்ணம் தேவாங்கைப் பிடித்துச் சண்டை போட்டாள். அவர் கை கூப்பினார். "நீங்க சொன்ன கணக்குதானேம்மா? தப்பிருந்தா காட்டுங்க."

அவளும் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.

தேவாங்கு ஒவ்வொரு கல்லிலும் 'நடு' என்று அழகான பலகை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். காட்டெருமை தன் பலகையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டது.

"அம்மா, இப்ப நாமதானே நடு?" என்று குட்டி கேட்டது.

"ஆமாண்டா கண்ணு."

"அப்போ தண்ணி?"

சொர்ணம் பலகையைக் கழற்றி, குட்டியின் முகத்தில் வெயில் படாமல் சாய்த்து வைத்தாள்.

நீதி: முடிவில்லாத வரிசையில் எல்லோரும் நடுதான். அதை நிரூபிப்பதற்கு முன், ராஜாவின் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.