வீங்கிய கால்களும் நாலாம் மாடிச் சந்தேகமும்

லோம் துறைமுகக் குடியிருப்பு,
வெள்ளிக்கிழமை.

மாண்புமிகு சகலை ப்ளமென் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மூத்த சகலை ஸ்வெத்கோ தலைவணங்கி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவி பெங்காவும் புர்காஸ் கடற்காற்றில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி நெவேனாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. முதல் வரியிலேயே பொய் வேண்டாமே என்று பார்க்கிறேன். இந்தத் ‘தங்கள்’ எல்லாம் இதற்கு மேல் எனக்கு வராது; நீ என்றே எழுதுகிறேன்.

சகலை சொந்தமாகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். சொந்தம் என்று இருக்கிற எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படித்ததும் கிழித்துப் போடு. பெங்காவிடம் மூச்சு விடாதே. அக்காளும் தங்கையும் தினமும் போனில் பேசுகிறார்கள். இங்கே தும்மினால் அங்கே கேட்கிறது.

என் இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளத் தெம்பு குறைந்துவிட்டது என்று டாக்டர் கெனோவா சொன்னது உனக்குத் தெரியும். உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, காலையில் எழுந்ததும் எடை பார், நீர் பிரிய மாத்திரை போடு என்றார். எல்லாம் நடந்தது. ஆனாலும் வசந்தம் வந்ததும் என் பழுப்புநிறச் செருப்பு காலில் ஏற மறுத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலிருந்து போடுகிற செருப்பு அது, என்னை ஏமாற்றாது. அடுப்போரம் வைத்து நெவேனாதான் சுருங்க வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, “செருப்பு சுருங்கல, கால் ஊதியிருக்கு, குனிஞ்சு பாரு மனுசா” என்றாள். குனிந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் பார்க்கவில்லை. பிறகு காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் தடம். எடை மெஷினில் முள் தினமும் ஏறியது. மெஷினை வாங்கி வந்தவள் அவள். சூப்பில் உப்பு போடுகிறவளும் அவள். போடவில்லை என்று அவள் சொல்கிறாள், நாக்கும் அதையேதான் சொல்கிறது. ஆனால் உப்பில்லாமல் கால் எப்படி வீங்கும்? நாக்கில் படாத உப்பு ஏதோ கண்டுபிடித்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

இந்த நிலையில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பேன். என் கண் மூடியதா என்று பார்த்துவிட்டு அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போவாள். கடைக்கு என்றால் பை எடுத்துப் போக வேண்டும், பை ஆணியிலேயே தொங்கும். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு திருப்தி, சகலை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். ஒருநாள் கதவோரம் நின்று காது கொடுத்தேன். காலடிச் சத்தம் கீழே போகவில்லை, மேலே போனது. நாலாம் மாடி. அங்கே இருப்பவன் மெத்தோடி. மனைவியை இழந்தவன், அக்கார்டியன் வாசிப்பவன், மீசைக்கு எண்ணெய் போடுபவன். காலையில் ஆற்றங்கரைக் கடையில் என்னோடு பகடை ஆடுகிறவனும் அவனேதான்.

போன வாரம் புதன்கிழமை அவள் போன பின்னால் நானும் புறப்பட்டேன். லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. இரண்டாம் மாடியில் கோபம் இருந்தது. மூன்றாம் மாடியில் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன். நாலாம் மாடியில் கதவைத் தட்டக் கை எழவில்லை, அதன் மேல் சாய்ந்தேன். கதவு திறந்துகொண்டது.

“ஸ்வெத்கோ, என்னடா இப்படி இளைக்குது? உள்ள வா” என்றான் மெத்தோடி.

“என் பொண்டாட்டி எங்க?”

“சமையல்கட்டுல. சாப்பிடுறா.”

உள்ளே போனேன். நெவேனா மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளைப் பாலாடைக்கட்டி, உப்பில் ஊறிய முட்டைக்கோஸ், காய்ந்த மீன். வாய் நிறைய இருந்தது. என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

“எத்தனை நாளா நடக்குது இது?” என்று கேட்டேன்.

அவள் விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “உனக்கு உப்பு நிறுத்துன நாள்ல இருந்து.”

“ஏன், நம்ம வீட்டுல மேஜை இல்லியா?”

“நீ அந்த வெறும் பீன்ஸ் சூப்பை வச்சுக்கிட்டு என் தட்டையே பாத்துட்டு இருப்ப. எனக்குத் தொண்டையில எறங்குமா? அதான் உன்னோட உக்காந்து நானும் சப்புன்னு தின்னுட்டு, இங்க வந்து ரெண்டு துண்டு கடிச்சுக்கிறேன்.”

“நான் உப்பு வாசனை பட்டதும் எழுந்து ரூமுக்குப் போயிடுவேன்டா, எனக்கும் ரத்தக்கொதிப்பு” என்றான் மெத்தோடி, நான் கேட்காமலேயே.

எனக்கு மூச்சு வரவில்லை. நாற்காலியில் விழுந்தேன். நெவேனா தரையில் உட்கார்ந்து என் காலுறையைக் கீழே இழுத்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தியதுபோல.

“மாத்திரைய முழுங்குறியா?”

“ம்.”

“என் கண்ணப் பாத்துச் சொல்லு.”

அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லிக் கிரேன்காரன் எவனும் பிழைத்ததில்லை. சொல்லிவிட்டேன். அந்த மாத்திரை போட்டால் காலை முழுக்கக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நான் ஓடும் நேரத்தில் மெத்தோடி காய்களை நகர்த்துகிறான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, ஆற்றங்கரை போனதும் டான்யூப் ஆற்றில் துப்பிவிடுவேன்.

நெவேனா மெத்தோடியைப் பார்த்தாள். அவன் மீசையைப் பார்த்தான், அதாவது கீழே.

“ஒரே ஒரு தடவைதான் காய நகத்துனேன்” என்றான்.

பார்த்தாயா சகலை, என் சந்தேகம் எங்கேயும் வீண்போகவில்லை. ஆனால் அதைச் சொல்லிக் காட்டக்கூட எனக்கு மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்தது என்று பிறகு சொன்னார்கள். மெத்தோடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். நெவேனா என் வீங்கிய பாதங்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மட்டும் நான் யாரையும் சந்தேகப்படவில்லை, பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, எனக்குள் சேர்ந்திருந்த டான்யூபையெல்லாம் வெளியேற்றினார்கள். டாக்டர் கெனோவா வந்து, “செருப்பு இறுக்குச்சுன்னா அன்னிக்கே என்கிட்ட வரணும் தாத்தா. எடை திடீர்னு ஏறுனாலும் அப்படித்தான். செருப்புக்கடைக்காரனை விசாரிக்கக் கூடாது” என்றார். அவருக்குச் செருப்பு விஷயம் யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும் பாலாடைக்கட்டியை என் எதிரிலேயே தின்ன வேண்டும் என்று நெவேனாவுக்கு உத்தரவு போட்டேன். தின்கிறாள். நான் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்கிறேன். முன்பைவிடப் பெரிய துண்டாக வெட்டுகிறாளோ என்று ஒரு எண்ணம், பரவாயில்லை. பகடையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டோம். அதற்குள் மாத்திரையின் வேகம் அடங்கிவிடும்.

உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். வலையில் மீன் விழட்டும், தலையில் இடி விழாதிருக்கட்டும். இந்த விஷயம் பெங்காவுக்குப் போகக் கூடாது என்று மறுபடியும் கேட்டுக்கொள்ளும்,

உன் மூத்த சகலை,
ஸ்வெத்கோ.

பி.கு.: உறையை ஒட்டும்போது பெங்காவே போன் செய்தாள். நீ கொஞ்ச நாளாகக் கட்டிலில் படுப்பதில்லையாம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாயாம். கேட்டால் டிவி அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது என்கிறாயாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஏன் அவளிடம் சொல்லவில்லை? எனக்குச் சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்று மேலே படித்தாய் அல்லவா. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். செருப்பை ஒளித்து வைத்துத் தப்பிக்கப் பார்க்காதே, வெறுங்காலோடாவது இழுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. வந்து சேரும் அளவுக்கு மூச்சு வைத்துக்கொள்.