மாப்பிள்ளைக் காரின் கொம்பிரஷன்

கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனிடம் கணக்கைக் கொடுக்கலாம், காரைக் கொடுக்கக் கூடாது. இதை நான் சொல்லவில்லை, என் மாமனார் சொல்கிறார். என் கலியாணத்தன்று சொல்லத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

அவர் எனக்கு முதலில் மாமா, அம்மாவின் தம்பி. கல்லடியில் வீடு. பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வைத்து, ஹயர் என்று வாடகைக்கு ஓடிப் பிழைத்தவர். சுனாமி மாமியைக் கொண்டுபோனது, வீட்டையும் கொண்டுபோனது. காரை மட்டும் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் செருகிவிட்டுப் போயிருந்தது. மாமி அதன் முன் சீற்றில் இருந்துதான் மாமாங்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார், வழி முழுக்க "மெதுவா ஓட்டுங்க, மெதுவா ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டே. அதற்குப் பிறகு மாமா அந்தக் காரை விற்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. உப்புத் தண்ணீர் குடித்து இறுகிப்போன எஞ்சினோடு, கிடுகுக் கொட்டிலுக்குள் அப்படியே வைத்திருந்தார்.

போர் முடிந்து அடுத்த வருடம், அவருடைய மகள் சுமதிக்கும் எனக்கும் கலியாணம் பேசினார்கள். (பேசினார்கள் என்பது ஒரு மரியாதைக்கு. நாங்கள் இருவரும் அதற்கு நெடுநாள் முன்பே பேசி முடித்திருந்தோம்.) மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்பிள்ளைய நான் அந்தக் கார்லதான் கூட்டி வரணும் மனே. அவள் இருந்திருந்தா அதுலதான் வந்திருப்பாள்."

அந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடுவதுதான் மனிதப் பிறவி செய்யும் வேலை. நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் செய்து தாறன் மாமா" என்றேன். அப்போது நான் கொழும்பில், கார் இறக்குமதி செய்யும் இடமொன்றில் வேலை. என்ன வேலை என்று மாமா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (விலை விபரம் தட்டச்சு செய்யும் வேலை.) ஆனால் அங்கே ஓய்வு நேரத்தில் ரேஸ் கார்களைப் பற்றிய சஞ்சிகைகளை வாசித்து, எஞ்சினின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். நெருக்கல் விகிதம்! பட்டறைத் தமிழில், கொம்பிரஷன்.

விசயம் லேசானது. பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேல் உள்ள இடத்தை, உச்சிக்கு வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும். எட்டு வந்தால் சாதாரணக் கார். ஒன்பதரை வந்தால் பறக்கும். மாமா கேட்டது ஓடுகிற ஒரு கார். நான் பறக்கிற கார் கொடுக்க முடிவு செய்தேன்.

உழவு மெசினில் கட்டி இழுத்து, களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்துக்குக் காரைக் கொண்டுவந்தோம். எனக்கு உதவி நண்பன் தவம். தொழில் மேசன். எஞ்சினைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதுப் பிஸ்டன் போட்டோம். பிறகு என் அறிவியல் ஆரம்பமானது. எஞ்சினின் மூடியான ஹெட்டை மல்லாக்க வைத்து, அதன் குழிக்கு மேல் கிரீஸ் பூசிய கண்ணாடியை ஒட்டி, ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டு, ஊசி போடும் சிரிஞ்சால் எண்ணெயை விட்டு நிரப்பினால், எத்தனை மில்லிலீற்றர் போகிறதோ அதுதான் குழியின் கொள்ளளவு. கண்ணாடிக்கு எங்கே போவது? சாமியறையில் மாமாங்கப் பிள்ளையார் படம் இருந்தது.

"கண்ணாடியக் கழட்டி கிரீஸ் பூசுறியே, அவர் சும்மா இருப்பாரா?" என்றார் அம்மா.

"அவர் விக்கினம் தீர்க்கிறவர்தானே அம்மா" என்றேன்.

ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்றுப் போகாமல் கேஸ்கட் என்று ஒரு தகடு கிடக்கும். அதன் தடிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதுக் கேஸ்கட் கொழும்பிலிருந்து வரச் சுணங்கியதால், கழற்றிய பழையதை அளந்தேன். கரி பிடித்து, தார் மாதிரி இறுகிக் கிடந்தது.

"மச்சான், இது ரொட்டி மாதிரித் தடிப்பாக் கிடக்கே?" என்றான் தவம்.

"வெள்ளைக்காரன் சாமான் அப்படித்தான்டா."

முற்றத்துச் சீமெந்துத் தரையில் சோக்கால் கூட்டி, பெருக்கி, வகுத்தேன். ஒன்பதரை வருவதற்கு ஹெட்டை எவ்வளவு சீவ வேண்டும் என்று விடை வந்தது. லேத் பட்டறையில் அப்படியே சீவுவித்தேன். அந்த விடையை அழிக்க மனமில்லாமல், அம்மா முற்றம் கூட்ட வந்தபோது தடுத்தேன் என்றால் பாருங்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் புதுக் கேஸ்கட் வந்து சேர்ந்தது.

"இது அப்பளம் மாதிரிக் கிடக்கே மச்சான்?"

"இப்ப எல்லாம் மெல்லிசுதான். தொழில்நுட்பம்" என்றேன் நான். பூட்டினோம்.

காலையில் மாமா வேட்டி சால்வையோடு வந்து இறங்கினார். மாலை போட்ட காரைக் கண்டதும் அதன் முன் சீற்றுக் கதவை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு ஏறி இருந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது. மறுபடியும் முனகல்தான். அந்த அளவு நெருக்கத்தைச் சுற்ற ஸ்டாட்டருக்குப் பலம் காணவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கம்பி போட்டுச் சுத்துவம்" என்று தவம் வந்தான். நான் விடவில்லை. என் எஞ்சின் அல்லவா? பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, காரின் மூக்கில் எஞ்சினைச் சுற்றும் கம்பியைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்றினேன். எஞ்சின் திரும்ப என்னைச் சுற்றியது. கம்பி எதிர்ப்பக்கம் கிறுகி அடித்ததில், மாப்பிள்ளை வாழைமரத்தடியில் கிடந்தார். வலது மணிக்கட்டு பணியாரம் போல வீங்கிவிட்டது.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளித்தான் ஸ்டாட் ஆனது. ஆனதும் பறந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். மாமா காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஆமிச் சோதனைச் சாவடியான சென்றிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தபோது கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த வான் வண்டியிலிருந்து இறங்கி எங்கள் ஆட்கள் தள்ளினார்கள். நானும் சும்மா இருக்க மாட்டாமல், இடது கையால் தள்ளினேன். புகைக்குழாயிலிருந்து ஒரு வெடி.

அத்தனை பேரும் தரையில். மாப்பிள்ளை, தோழன், வீடியோக்காரர், பட்டுச் சேலையோடு என் அக்கா, எல்லோரும் ஒரே கணத்தில் குப்புறப் படுத்துவிட்டோம். எங்கள் உடம்புக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால், சென்றியில் நின்ற ஆமிக்காரப் பொடியனும் மண்மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தோம். முதலில் எழும்பியவன் அவன்தான்.

"மாப்பிள்ளை, எழும்பு, எழும்பு" என்று தெரிந்த தமிழில் சொல்லி, அவனும் சேர்ந்து தள்ளினான்.

கார் மறுபடி ஓடத் தொடங்கியதும் மாமா கேட்டார். "மனே, ஹெட்டைக் கழட்டக்குள்ள எத்தின கேஸ்கட் இருந்த?"

"ஒண்டுதான் மாமா. நல்ல தடிப்பு."

மாமா ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மெல்ல, "நான் ரெண்டு போட்ட மனே. நடுவில பிஸ்கட் ரின் தகடும் வெட்டி வைச்ச. படுவான்கரைக்குப் பெற்றோல் விடாத காலத்தில, மண்ணெண்ணெய்ல ஓட. கொம்பிரஷன் குறைஞ்சாத்தானே அது ஓடும்? நான் அத மறந்தே போயித்தன்" என்றார்.

போர்க்காலத்தில், வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்கு ஓடிய எங்கள் பக்கத்துக் கார் எல்லாவற்றிலும் கேஸ்கட் இரண்டு. அந்த மண்ணெண்ணெய்ப் புகையை மூக்கால் குடித்துப் பள்ளிக்கூடம் போய்வந்தவன் நான். ஒட்டிக் கிடந்த மூன்றை (இரண்டு கேஸ்கட், நடுவில் பிஸ்கட் டப்பாத் தகடு) ஒன்றென்று அளந்து, அதற்குத் தக ஹெட்டைச் சீவி, பிறகு மெல்லிய ஒன்றைப் போட்டுப் பூட்டியிருக்கிறேன். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது! வலி மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறியது.

எப்படியோ நேரத்துக்குக் கல்லடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா அணைக்கச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அணையவில்லை. சாவியை உருவினார், அப்போதும் ஓடியது. (அளவுக்கு மீறி நெருக்கினால் உள்ளே சூடு ஏறி, தீப்பொறி இல்லாமலே பெற்றோல் பற்றிக்கொள்ளும். இது சஞ்சிகையில் அடுத்த பக்கத்தில் இருந்ததாம்.) பந்தலுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டு டக டக என்று குலுங்க, மேளம் கேட்கவில்லை, ஐயரின் மந்திரமும் கேட்கவில்லை. ஐயர் கையால் சைகை காட்டித்தான் சடங்கை நடத்தினார்.

"மச்சான், அத நிப்பாட்ட ஏலாதா?" என்று சுமதி என் காதுக்குள் கத்தினாள்.

நிறுத்தலாம். கியரைப் போட்டு பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும். தவம் அதற்காகத்தான் எழுந்து ஓடினான். ஆனால் மாமா முன் சீற்றுக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்று அவனைத் தடுத்தார். "விடு மனே. தாலி கட்டி முடியட்டும்."

அவர் முகம் நனைந்திருந்தது. சுமதி அதைப் பார்த்தாள், பிறகு தாலிக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். என் வீங்கிய கைக்கு முடிச்சுப் போட வராது என்பதால், நான் தாலியைப் பிடிக்க, அக்கா மூன்று முடிச்சையும் போட்டார். மூன்றாவது முடிச்சுக்குப் பிறகு எஞ்சின் ஒரு தும்மல் தும்மி, தானாகவே நின்றது. ஹெட் வெடித்திருந்தது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

வீடியோவை மாமா வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பார். மந்திரம் ஒரு சொல்லும் இல்லை, முழுக்க எஞ்சின் சத்தம்தான். "மெதுவா ஓட்டுங்க எண்டு கத்தியிருப்பாள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எந்தக் கணக்குச் சொன்னாலும் எங்கள் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: "வடிவா எண்ணினியா? ஒட்டிக் கிடக்கும்!" சுமதி முதல்முறை உண்டானபோது, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, ஒரு பிள்ளைக்கு ஒரு தொட்டில் என்று நான் வாங்கி வந்தேன். மாமா தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தக் கேள்வியைக் கேட்டார். வீடே சிரித்தது.

இரட்டைப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு நல்ல பெயர்கள் இருக்கின்றன. மாமா கூப்பிடுவது கேஸ்கட் ஒண்டு, கேஸ்கட் ரெண்டு. நடுவில் பிஸ்கட் ரின் தகடு எதுவும் வரவில்லை என்று நான் ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.