மாப்பிள்ளைக்கு அஞ்சாம் நம்பர் கூண்டு

ராமேஸ்வரத்துலருந்து வாலிநோக்கம் வரைக்கும் 'கூண்டு'வைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருத்தரைக் காட்டுங்க, நான் எழுதுறதையே விட்டுர்றேன். மண்டபத்துல ஐஸ் பிளான்ட்ல மெஷின் பாக்குற மனுசன். நான் மாத்தலாகிப் போய்த் தங்குன லைன் வீட்டுல பக்கத்து ரூம். லேசா ஏப்பம் வந்தாலே மாரடைப்புன்னு படுத்துருவார். புயல்னா பாம்பன்ல எச்சரிக்கைக் கூண்டு ஏத்துவாங்களே, அது மாதிரி நாள் பூரா எதுக்காவது எச்சரிக்கை விட்டுக்கிட்டே இருந்ததால அந்தப் பேரு. சொந்தப் பேரு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

அப்பேர்ப்பட்ட ஆளு, மதுரைக்கு மீன் தொட்டி வாங்கப் போயிட்டு ஒரு வெள்ளை எலியோட வந்து இறங்குனார்.

"பாம்புக்குத் தீனியாப் போடக் கடைக்காரன் வச்சிருந்தான் சார். என்னையவே பாத்துச்சு. விட்டுட்டு வர மனசு வரல."

எலிக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சார். வட்டில்ல முதல் சோறு அதுக்குத்தான். சட்டைப் பையில உக்காந்து டீக்கடை வரைக்கும் கூடவே போயிட்டு வரும்.

கொஞ்ச மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் மாப்பிள்ளைக்கு வயசு வந்துருச்சு. முடியைச் சிலுப்பிக்கிட்டுப் பக்கவாட்டுல நடந்து வரும். பல்லை நறநறன்னு கடிக்கும். போற இடமெல்லாம் சொட்டுச் சொட்டா மூத்திரம். கடைசியில கடி. கூண்டு கையில எட்டு இடத்துல பிளாஸ்திரி.

உடனே மனுசன் கதவுல சாக்பீஸால நம்பர் எழுத ஆரம்பிச்சுட்டார். ஒண்ணுன்னா முடி சிலுத்திருக்கு. மூணுன்னா பல்லைக் கடிக்குது. அஞ்சுன்னா ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. நான் அதைக் கவனிக்காம சீனி கேட்டு உள்ள போய், ஆள்காட்டி விரல்ல கட்டோட வெளிய வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த எலியை மட்டுமில்ல, அவரையும் சேத்துக் கடிச்சிருப்பேன்.

விசயம் லைன் வீட்டு ஓனர் பாய் காதுக்குப் போச்சு. துபாய்ல பாதி ஆயுசை ஓட்டிட்டு வந்தவர், அதட்டத் தெரியாது.

"தம்பி, பெருநாளைக்கு எம் பேத்தி வருது. பச்சப் பிள்ளை எலிக் கூண்டுக்குள்ள வெரலை விட்டா என்னாகும்? அதுக்குள்ள எலி அடங்கணும். இல்லாட்டி அது இங்கன வேணாம். ஒண்ணரை மாசம் இருக்கு." போறப்ப திரும்பி நின்னு, "பேசாம மாப்பிள்ளைக்கு ஒரு பொண்ணு பாருங்களேன்"ன்னார்.

கூண்டு அன்னைக்குச் சாப்பிடல. "வெளிய விட்டா பருந்து, கடையில குடுத்தா பாம்பு. எங்க சார் விடுவேன்?"

கடைசியில ராமநாதபுரத்துல ஒரு கால்நடை டாக்டரம்மா போன்ல விளக்குனாங்க. "ஆண் எலிக்கு இந்த வயசுல ஹார்மோன் ஏறும். சில எலி இப்படித்தான் மூர்க்கமாயிரும். விதையை எடுத்தா பெரும்பாலும் அடங்கிரும். ஆனா உடனே அடங்காது, சில வாரம் ஆகும். சின்ன உடம்பு, மயக்க மருந்தைத் தாங்கணும். அதையும் சொல்லிர்றேன்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் கூண்டு தனியாப் போக மாட்டேன்னுட்டார். துணைக்கு நான்.

பஸ்ல துண்டு போட்டு மூடுன பெட்டி அவர் மடியில. பக்கத்துல விரல் கட்டோட நான். அவங்க அக்கா போன்ல வந்தாங்க. கூண்டு பஸ் முழுக்கக் கேக்குற மாதிரி பேசுனார்.

"ஆமாக்கா, மாப்பிள்ளையத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். பாக்குற ஆளையெல்லாம் கடிக்கிறான். காயடிச்சுட்டா சாந்தமாயிருவான்னு டாக்டரம்மா சொல்லிருச்சு."

மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பாத்துச்சு. முன்சீட்டு அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. பக்கத்துல நின்ன பெரியவர் என் தோளைத் தட்டி, "பயப்படாதய்யா, ஊசி போட்டுத்தான் செய்வாக"ன்னார்.

"ஐயோ, அது எலிங்க!"

"பாவம், தன்னைய எலின்னே நெனைச்சுக்கிட்டாரு போல"ன்னு பின்னால ஒரு குரல்.

ஆபரேசன் நடக்குறப்ப கூண்டு வாசல்ல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கட்டுப் போட்ட விரலையே நசுக்குனார். என்னைக் கடிச்ச எலிக்காக நானே வேண்டிக்கிட்டு இருந்தேன், வெக்கக்கேடு.

மாப்பிள்ளை பிழைச்சு வந்துச்சு. ஆனா கதவுல அஞ்சு. மறுநாளும் அஞ்சு. ரெண்டு வாரம் அஞ்சுதான். அப்புறம் ஒருநாள் மூணு, திரும்ப அஞ்சு. பெருநாள் நெருங்க நெருங்க கூண்டு பாதியா இளைச்சுட்டார். நானும் ஆபீஸ் கெளம்புறப்ப அந்தக் கதவைப் பாக்காம செருப்பு மாட்டுறதில்ல.

பெருநாளுக்கு ரெண்டு நாள் இருக்கு. காலையில பாத்தா கதவுல நம்பரே இல்ல. துடைச்சு வெறுங்கதவா நிக்குது. எலி செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிக் கதவைத் தள்ளுனேன்.

கூண்டு அசையாம உக்காந்திருந்தார். அவர் உள்ளங்கையில, பழைய கடித் தழும்பு மேலயே தலையை வச்சு, மாப்பிள்ளை நல்லாத் தூங்குது.

"சத்தம் போடாதீங்க சார். விடியக்காலையிலருந்து இப்படியே இருக்கான், ஒரு கடி இல்ல. கொஞ்சம் புடிங்க, நான் ஒரு தடவை அழுதுட்டு வாரேன்."

என் ரெண்டு கையிலயும் வச்சுட்டுப் போயிட்டார். கண்ணைத் துடைக்கக்கூட எனக்குக் கை இல்லை.