மாமரத்துச் சாதுவும் துரியான் திருடனும்

கட்டின பெண்டாட்டியை ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசிவிடுவது என்று அறுபத்து நாலாவது வயதில் முடிவெடுத்தேன். காரணம் என் தூளி.

சந்தபுரியில் எங்களுக்கு அறுபது துரியான் மரம்; பலா மாதிரி முள்ளுப் பழம், வாசனை ஊரையே தூக்கும். நடுவே ஒரு கிழட்டு மாமரம். அதன் இரண்டு கிளைக்கு நடுவில் என் கயிற்றுத் தூளி. மத்தியானம் சாப்பிட்டு விழுந்தால் சாயங்காலக் காபிக்குத்தான் எழுவேன்.

இந்த வருஷம் மீசை வண்டு வந்துவிட்டது. துரியான் பட்டையில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய் மரத்தையே தின்றுவிடும். வண்டு மாட்டட்டும் என்று அடிமரத்துக்கெல்லாம் பழைய மீன்வலையைச் சுற்றினோம். வலை பார்ப்பது என் மனைவி லம்யாயின் வேலை. தூங்குவது என் வேலை.

அவள் கோடாலியோடு வந்தாள்.

"வண்டு பூரா உங்க மாமரத்துலேர்ந்துதாங்க வருது. வெட்டிடலாம்."

"அது வேற ரகம்டி."

"ஒரே மாதிரிதானே இருக்கு?"

"உனக்கு அப்படித்தான் தெரியும். அதுக்குப் பழகின கண்ணு வேணும்."

வலையிலிருந்து இரண்டைப் பிடித்து வந்தேன்.

"பாரு. நீள மீசை, துரியான் திருடன். குட்டை மீசை, மாமரத்துச் சாது. துரியான் வாசனையே அதுக்கு ஆகாது."

இரண்டும் ஒரே துரியான் மரத்தில் மாட்டிய ஆணும் பெண்ணும். அதை அவளிடம் நான் ஏன் சொல்லப் போகிறேன்?

லம்யாய் இரண்டையும் ஒரு காலிச் சட்டிக்குள் போட்டு மூடிவிட்டு உலை வைக்கப் போனாள். சோறு வெந்ததும் எனக்குப் போட்டுவிட்டு வண்டுச் சட்டியைத் திறந்தாள். சாதுவின் முதுகில் திருடன், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"வேற ரகம்னீங்க?"

"பக்கத்துப் பக்கத்து மரம். பழக்கம் இருக்கும்."

"பழக்கம் கொஞ்சம் முத்திப்போச்சே."

"இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கறாங்க?"

அவள் சிரிக்கவில்லை.

"சரி, மாமரம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லி அதிகாரமாகவே தட்டை நீட்டினேன். போட்டாள்.

"ஒண்ணுங்க. எது திருடன், எது சாதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது. பழகின கண்ணு உங்களுக்குத்தானே. இனிமே அறுபது வலையும் நீங்களே பாத்துடுங்க. சாப்பிட்டதும் ஆரம்பிச்சா சாயங்காலக் காபிக்கு முடிஞ்சிடும்."

மாமரம் கம்பீரமாக நிற்கிறது. முப்பத்தெட்டாவது துரியான் மரத்தடியில் குனிந்தபடி பார்த்தால் என் தூளிகூட நன்றாகத் தெரிகிறது. லம்யாய் அதில் குறட்டை விடுகிறாள்.